கரியை மீண்டும் பேனைக்குள் கொண்டுவந்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

புதிய தவணை தொடங்கினால் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் ஒன்று பேனையைப் பற்றியது. "சேர், புள்ள மெல்லிசான ஜெல் பேனைதான் வேணுமெண்டு நிக்கிறா. அது ரெண்டு கிழமையில முடிஞ்சி போகுது. எங்கட காலத்துல ஒரு பேனை ஒரு தவணைக்குக் காணும். எது நல்லம்?"

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. 'நல்ல பேனை' என்று சொல்லும்போது மூன்று வேறு விடயங்களை நாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். எழுத்து தெளிவாக விழுகிறதா என்பது ஒன்று. பேனை எத்தனை நாள் உழைக்கும் என்பது இரண்டு. எழுதிய எழுத்து எத்தனை வருடம் தாளில் நிற்கும் என்பது மூன்று. கடையில் நிற்கும்போது முதலாவதைப் பார்க்கிறோம். வீட்டில் இரண்டாவதைப் பற்றிக் கதைக்கிறோம். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ஜெல் பேனையின் வரலாற்றைத் தேடிப் பார்த்தால், அதன் பெரிய சாதனை அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. அதே நேரம், நாம் ஏமாறக்கூடிய இடமும் அதுதான்.

கதையைக் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குவோம்.

நம் நாட்டில் ஏட்டில் எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? எழுத்தாணியால் ஓலையில் கீறினார்கள். கீறியது மட்டும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே எண்ணெயில் குழைத்த கரியை மேலே பூசித் துடைத்தார்கள். கரி கீறலுக்குள் போய்த் தங்கியது. ஓலை பழுத்து மஞ்சளாகி ஓரம் உடைந்தாலும் எழுத்து கறுப்பாகவே நிற்கும். கரி வெயிலுக்கு வெளிறாது. தண்ணீரில் கரையாது.

அறபு எழுத்து மரபிலும் இரண்டு வகை மை இருந்தது. புகைக்கரியைப் பிசினோடும் நீரோடும் குழைத்துச் செய்வதை 'மிதாத்' என்றார்கள். மரக் காய்களில் உள்ள துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்வதை 'ஹிப்ர்' என்றார்கள். இரண்டாவது வகை தாளை நன்றாகக் கவ்விப் பிடிக்கும். ஆனால் அதில் ஒரு கெடுதி உண்டு. காலம் போகப் போக அந்த இரும்பும் அமிலமும் தாளையே அரித்துவிடும். எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிப் போன பழைய சுவடிகள் உலகின் பல நூலகங்களில் இருக்கின்றன. கரி மை அப்படி அரிக்காது. அது தாளின் மேல் உட்கார்ந்திருக்கும் நுண்ணிய தூள்தான்.

பேனைக்குள்ளேயே மையை வைத்துக்கொள்ளும் ஆசையும் பழையது. 953 முதல் 975 வரை ஆட்சி செய்த ஃபாத்திமிக் கலீஃபா அல்-முஇஸ், மைக்கூட்டில் தோய்க்கத் தேவையில்லாத, தலைகீழாகப் பிடித்தாலும் சிந்தாத, கையைக் கறைப்படுத்தாத ஒரு பேனையைச் செய்து தரச் சொன்னார். கைவினைஞர் அப்படி ஒன்றைச் செய்து கொண்டுவந்தார் என்று அவருடைய அவையில் இருந்த காழி அல்-நுஃமான் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பேனை இன்று இல்லை. ஆனால் ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஒருவர் இந்தத் தேவையை இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறார் என்பது பெரிய விடயம். சிந்தக் கூடாது, கசியக் கூடாது, வேண்டும்போது ஓட வேண்டும். இன்றுவரை பேனை செய்யும் எல்லோருடைய பாடும் இதுதான்.

ஊற்றுப் பேனை பரவலான 19ஆம் நூற்றாண்டில் கரி மைக்குச் சிக்கல் வந்தது. கரி என்பது தூள். தூள் அடியில் படியும், குறுகிய வழிகளை அடைக்கும். ஆகவே ஊற்றுப் பேனைக்குத் தண்ணீரில் முழுமையாகக் கரையும் சாயம் வசதியாக இருந்தது. இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாயம் என்பது தேநீரில் போட்ட சீனி மாதிரி. கரைந்து காணாமல் போகும். நிறத்துகள் என்பது வெள்ளம் வந்த ஆற்றுத் தண்ணீரில் இருக்கும் மண் மாதிரி. கலந்திருக்கும், கரையாது, விட்டு வைத்தால் அடியில் படியும். பேனைக்குச் சாயம் இலகு. ஆனால் எழுத்து நிற்பதற்கு நிறத்துகள் உறுதி. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறிதான் மிச்சக் கதை.

அடுத்தது குமிழ்முனைப் பேனை. முனையில் ஒரு சின்ன உருண்டையை வைக்கும் யோசனைக்கு அமெரிக்காவில் ஜோன் லவுட் என்பவர் 1888இல் காப்புரிமை எடுத்தார். தோலில் அடையாளம் போடுவதற்காக அவர் அதைச் செய்தார். தாளில் எழுத அது சரிவரவில்லை. உருண்டையில் பிழையில்லை, மைதான் ஒத்துவரவில்லை. மை தண்ணியாக இருந்தால் உருண்டையைச் சுற்றி ஒழுகும். தடிப்பாக இருந்தால் வராது.

ஹங்கேரிப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோவும் இரசாயனம் தெரிந்த அவருடைய சகோதரரும் இதைத் தீர்த்தார்கள். அச்சு மை மாதிரி தடித்த, சட்டென்று காயும் பசை போன்ற மையை உருண்டைக்குப் பின்னால் வைத்தார்கள். 1938இல் பிரித்தானியாவில் காப்புரிமை பெற்றார்கள். யுத்த காலத்தில் ஆர்ஜென்டீனாவுக்குப் போய் அங்கே உற்பத்தியைத் தொடங்கினார்கள். 1945 ஒக்டோபர் 29ஆம் திகதி நியூயோர்க்கில் ஒரு பெரிய கடையில் குமிழ்முனைப் பேனை ஒன்று விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 12 டொலர் 50 சதம். அன்றைய கணக்கில் அது பெரிய காசு. பிரான்சில் மார்செல் பிக் 1950இல் வெளியிட்ட 'பிக் கிறிஸ்டல்' பேனைதான் அதை ஏழைப் பிள்ளையின் சட்டைப் பைக்குக் கொண்டுவந்தது.

குமிழ்முனைப் பேனை உலகத்துக்குச் செய்த நன்மை பெரியது. ஒரு சாதாரண பேனை 2 முதல் 3 கிலோமீற்றர் வரை எழுதும். மூடியைத் திறந்து வைத்தாலும் இலகுவில் காயாது. எண்ணெய்த் தன்மை உள்ள மை என்பதால் தண்ணீர் பட்டாலும் ஊறிப் பரவுவது குறைவு. ஆனால் அதற்குள் இருந்தது பெரும்பாலும் சாயம்தான். வெயில் படும் இடத்தில் ஒட்டிய அறிவித்தலில் நீலப் பேனை எழுத்து வெளிறிப் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் தேய்த்தால் சட்டையில் பட்ட பேனைக் கறை கரைந்து வருவதும் உம்மாமாருக்குத் தெரியும். சட்டைக்கு அது நல்லது. காணி உறுதிக்கு நல்லதல்ல. சட்டையில் கறையை எடுக்கும் அதே முறையால் தாளிலும் எழுத்தை எடுக்கலாம். காசோலையில் பெயரையும் தொகையையும் கழுவிவிட்டுப் புதிதாக எழுதும் மோசடிகள் பல நாடுகளில் இப்படித்தான் நடந்தன.

இன்னொரு குறையும் இருந்தது. பசை மை என்பதால் அழுத்தி எழுத வேண்டும். பக்கம் பக்கமாக எழுதும் பிள்ளைக்கு விரல் நோகும். கோடு ஒரே சீராக விழாது. சில இடத்தில் மை திரண்டு சின்னக் கட்டியாக நிற்கும்.

யப்பானில் ஒட்டோ நிறுவனம் 1964இல் தண்ணீர் மை ஓடும் உருண்டைப் பேனையைக் கொண்டுவந்தது. அழுத்தாமல் எழுதலாம், கோடு கரும்பாக விழும். ஆனால் தண்ணீர் மை தாளில் ஊறும், பின்பக்கம் தெரியும். கரி போன்ற நிறத்துகளை அதற்குள் போட்டால் பழைய பிரச்சினை திரும்பவும் வரும். அடியில் படியும், முனையை அடைக்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஒசாக்கா நகரத்தைச் சேர்ந்த சகுரா நிறுவனம். 1921இல் பிள்ளைகளுக்கான கிறேயோன் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. நிறத்தூளோடு நீண்ட காலம் பழகியவர்கள். 1982இல் தண்ணீரில் மிக நுண்ணிய நிறத்துகள் கலந்த 'பிக்மா' என்ற மையை உருவாக்கினார்கள். அதை உருண்டை முனைக்குள் அனுப்ப வேண்டுமென்றால், துகள்களை அடியில் படியவிடாமல் ஏதோ ஒன்று தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் எழுதும்போது அந்தப் பிடி தளர வேண்டும். எழுதி முடித்ததும் மறுபடியும் இறுக வேண்டும்.

அப்படி ஒரு பொருள் சமையலறையில் இருந்தது. அதன் பெயர் ஸான்தன் பிசின். கோவாவில் கறுப்பு அழுகல் நோயை உண்டாக்கும் ஒரு பற்றீரியா, சீனிப் பொருளை உண்டு இந்தப் பிசினை உருவாக்குகிறது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பியோரியா ஆய்வுகூடத்தில் அலீன் ஜீன்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1950களில் இதைக் கண்டுபிடித்தார்கள். பொருட்களின் பின்னால் ஈ-இலக்கம் பார்த்து வாங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சோஸ், ஐஸ்கிறீம் போன்றவற்றில் ஈ415 என்று இருப்பது இதுதான்.

சோஸ் போத்தலைக் கவிழ்த்துப் பிடியுங்கள், சோஸ் வராது. குலுக்கினால் சட்டென்று ஓடி வரும். கோப்பையில் விழுந்ததும் பரவாமல் அப்படியே நிற்கும். ஜெல் பேனையின் முனையில் நடப்பதும் இதுதான். உருண்டை நிற்கும்போது மை இறுகிய களி. உருண்டை சுழலும்போது அந்த அசைவில் களி தளர்ந்து தண்ணி மாதிரி ஓடுகிறது. தாளில் விழுந்ததும் மறுபடி இறுகுகிறது. ஆகவே தாளில் ஊறிப் பரவுவது குறைவு, கோட்டின் ஓரம் கூராக நிற்கிறது. அழுத்தவும் தேவையில்லை. மிக முக்கியமாக, களி நிறத்துகள்களைத் தாங்கிப் பிடித்திருப்பதால் அவை அடியில் படிவதில்லை.

1984இல் சகுரா வெளியிட்ட பேனைதான் உலகின் முதல் ஜெல் பேனை. பின்னர் 'ஜெலி ரோல்' என்ற பெயரில் உலகெங்கும் பிரபலமானது. பளபளக்கும் நிறங்களும் கறுப்புத் தாளில் எழுதும் வெள்ளை மையும் பிள்ளைகளைக் கவர்ந்தன. நாமும் ஜெல் பேனை என்றால் நிறம்தான் என்று நினைத்தோம். என் பார்வையில் அதன் உண்மையான பெருமை வேறு. ஓலை ஏட்டிலும் மிதாத்திலும் இருந்த கரியை, சாயத்தின் காலத்துக்குப் பிறகு, சட்டைப் பையில் வைக்கக்கூடிய உருண்டைப் பேனைக்குள் கொண்டுவந்தார்கள். எழுத்தின் ஆயுளில் நூறு வருடமாக நாம் விட்டுக்கொடுத்ததை ஒரு பிசின் திருப்பித் தந்தது.

இனி மெல்லிய முனைக்கு வருவோம்.

யப்பானிய எழுத்துகளில் பல, கோடுகளின் மேல் கோடு அடுக்கியவை. மனச்சோர்வைக் குறிக்கும் ஓர் எழுத்துக்கு மட்டும் 29 கோடுகள் வேண்டும். அதை ஒரு சின்னக் கட்டத்துக்குள் தடித்த முனையால் எழுதினால் கறுப்புப் பொட்டுதான் மிஞ்சும். ஆகவே மெல்லிய முனைக்கு அங்கே உண்மையான தேவை இருந்தது. பைலட் நிறுவனம் 1994இல் 'ஹை-டெக்-சி' என்ற பேனையை 0.3 மில்லிமீற்றர் உருண்டையோடு கொண்டுவந்தது. பின்னர் 0.25 வரை இறங்கினார்கள். மிட்சுபிஷி பென்சில் நிறுவனத்தின் 'யூனி-போல் சிக்னோ' வரிசையில் 0.28 முனை வந்தது.

பேனையில் போட்டிருக்கும் இந்த இலக்கம் பொதுவாக உருண்டையின் விட்டம். கோட்டின் தடிப்பு அல்ல. கோடு அதைவிட மெல்லியதாகத்தான் விழும்.

தமிழ் எழுதும் நமக்கும் இதில் இலாபம் இருக்கிறது. இரண்டு சுழி 'ன'வும் மூன்று சுழி 'ண'வும் விடைத்தாளில் ஒன்றுபோல் தெரிந்தால் பிழை போடுவதா சரி போடுவதா என்று திருத்துபவர் தடுமாற வேண்டி வரும். தடித்த முனையில் சுழிகள் அடைபட்டுப் போகும். மெல்லிய முனையில் ஒவ்வொரு சுழியும் திறந்து நிற்கும். அறபில் இன்னும் நுணுக்கம். ஒரே வடிவத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தால் 'பா', மேலே இரண்டு வைத்தால் 'தா', மூன்று வைத்தால் 'ஸா'. மூன்று புள்ளியும் ஒட்டி ஒரு திட்டாகிவிட்டால் எழுத்தே மாறிவிடும். கணிதத்தில் தசமப் புள்ளியும் அடுக்கு இலக்கமும் இதே மாதிரிதான்.

ஆனால் அறபு எழுதும்போது ஜெல் பேனையில் ஒரு தொல்லை இருக்கிறது. வலக்கையால் வலமிருந்து இடமாக எழுதும்போது கை எழுதிய ஈரத்தின் மேலேயே போகும். இடக்கைப் பிள்ளைகள் தமிழ் எழுதும்போதும் இதுதான் நடக்கும். ஜெல் மை காய ஓரிரு விநாடி எடுக்கும். மதரஸாக் கொப்பியில் வரி முழுக்க இழுபட்ட கறையைக் கண்டால் பிள்ளையை ஏசாதீர்கள். கையை வரிக்குக் கீழே வைத்து எழுதப் பழக்குங்கள். முனை மெல்லியதானால் மை குறைவாக விழும், விரைவாகக் காயும். அந்த வகையிலும் 0.38 போன்ற முனைகள் உதவும்.

இப்போது பெற்றோரின் முறைப்பாட்டுக்கு வருவோம். ஏன் சீக்கிரம் முடிகிறது? ஏன் மை இருக்கும்போதே எழுதாமல் போகிறது?

முதலாவது, ஜெல் மையில் பெரும்பகுதி தண்ணீர். கோடு கறுப்பாக விழ அது தாராளமாக மையை விட வேண்டும். பசை மை கொஞ்சமாக விட்டாலே போதும். ஆகவே குமிழ்முனைப் பேனை கிலோமீற்றர்க் கணக்கில் எழுதும்போது ஜெல் பேனை பொதுவாகச் சில நூறு மீற்றர்களில் முடிந்துவிடும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அதன் இயல்பே அப்படித்தான்.

இரண்டாவது, முனையில் நடக்கும் வேலை. பிள்ளைகளோடு சேர்ந்து இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். 1 மில்லிமீற்றர் உருண்டையின் சுற்றளவு சுமார் 3.14 மில்லிமீற்றர். ஒரு மீற்றர் கோடு போட அது ஏறக்குறைய 318 தடவை சுற்றும். 0.3 மில்லிமீற்றர் உருண்டையின் சுற்றளவு 0.94 மில்லிமீற்றர்தான். அதே ஒரு மீற்றருக்கு அது சுமார் 1,060 தடவை சுற்ற வேண்டும். 500 மீற்றர் எழுதினால் ஐந்து இலட்சம் சுற்றுக்கு மேல். அந்த உருண்டையின் கனவளவோ 0.5 உருண்டையின் கனவளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். சின்ன மாட்டில் பெரிய வண்டியைக் கட்டியது போன்ற நிலை. இதற்காகத்தான் உருண்டையைத் தங்ஸ்டன் காபைட் போன்ற மிகக் கடினமான பொருளில் செய்கிறார்கள். உருண்டை தேய்வதைவிட அதைப் பிடித்திருக்கும் குழிதான் முதலில் தேயும்.

அந்தக் குழியைக் கடைவது எவ்வளவு கடினம் என்பதற்குச் சீனாவின் கதையே சாட்சி. வருடத்துக்குச் சுமார் 3,800 கோடி பேனை செய்யும் நாடு அது. ஆனாலும் முனைக்கான உருக்கைப் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து வாங்கியது. நல்ல பேனை முனையை நம்மால் செய்ய முடியவில்லையே என்று அந்நாட்டுப் பிரதமர் லீ கெச்சியாங் பகிரங்கமாகவே குறைப்பட்டார். 2017 ஜனவரியில்தான் தையுவான் உருக்கு ஆலை தானே அந்த உருக்கைச் செய்துவிட்டதாக அறிவித்தது. விண்வெளிக்கு ஆள் அனுப்பிய நாட்டுக்கே பேனை முனை அவ்வளவு நாள் சவாலாக இருந்தது. உருண்டைக்கும் குழிக்கும் இடையிலான வெளி மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்கு. கொஞ்சம் கூடினால் கசியும், கொஞ்சம் குறைந்தால் ஓடாது.

மூன்றாவது, ஊசி முனை. மெல்லிய பேனைகளில் இரண்டு வகை முனை உண்டு. கூம்பு முனை உலோகத்தைக் கடைந்து செய்தது, பலமானது. ஊசி முனை மெல்லிய உருக்குக் குழாய். அதன் சுவரை உள்பக்கமாக மூன்று இடத்தில் அமுக்கி, அந்த மூன்று புடைப்பில் உருண்டையை உட்காரவைத்திருப்பார்கள். மை தாராளமாக வரும், அடிமட்டம் வைத்துக் கோடு போடும்போது முனை எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் ஒரு தடவை முனை கீழாகச் சீமேந்துத் தரையில் விழுந்தால் குழாய் வளையும், அல்லது உருண்டையைப் பிடித்திருக்கும் இடம் நெளியும். அதன் பிறகு மை முழுதாக இருந்தாலும் பேனை முடிந்த மாதிரிதான்.

ஆகவே மெல்லிய ஜெல் பேனையின் ஆயுள் பாதி பாவிப்பவரின் கையில். எழுதி முடித்தால் மூடுங்கள். கரடான கொப்பித் தாளில் அழுத்தி எழுதாதீர்கள், தாளின் நார் முனையில் சிக்கும். சுவரில் தாளை ஒட்டி மேல்நோக்கி எழுதாதீர்கள், முனைக்குள் காற்று போய்விடும். குழாயின் பின் முனையில் இருக்கும் தெளிந்த கிறீஸைப் பிள்ளைகள் ஊதி விளையாடுவார்கள். அது மை காயாமலும் பின்னால் ஒழுகாமலும் காக்கும் மூடி. அதைத் தொட விடாதீர்கள். ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைக்கு ஊசி முனையைவிட 0.5 கூம்பு முனை போதும். கை பழகிய பிறகு மெல்லியதற்குப் போகட்டும்.

இனி மூன்றாவது கேள்வி. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான்.

ஜெல் பேனை என்றால் எழுத்து நிலைக்கும் என்று பொதுவாக நம்புகிறார்கள். எல்லா ஜெல் பேனையும் அப்படியல்ல. களி என்பது மையைத் தாங்கும் முறை மட்டும்தான். களிக்குள் நிறத்துகளும் இருக்கலாம், சாயமும் இருக்கலாம். சாயம் போட்ட ஜெல் மை தண்ணீர் பட்டால் குமிழ்முனைப் பேனையைவிட மோசமாகக் கரைந்து ஓடும். இரண்டும் ஒரே மாதிரிதான் எழுதும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நிறத்துகள் மை தாளின் நார்களுக்கு இடையில் புகுந்து உட்காரும். கழுவி எடுக்க முயன்றால் தாள்தான் கிழியும்.

இதற்கெனச் சர்வதேசத் தரமே இருக்கிறது. ஜெல் பேனைகளுக்கான ஐ.எஸ்.ஓ 27668 இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி பொதுப் பாவனைக்கு. இரண்டாம் பகுதி ஆவணங்களில் எழுதும் பேனைக்கு. ஆவணத்துக்கான பேனை என்றால் நீர், வெயில் ஒளி, அழித்தல், இரசாயனம் போன்றவற்றைத் தாங்க வேண்டும். உலகம் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. நாம்தான் ஒன்றாக வைத்திருக்கிறோம்.

இன்னொரு வகை இருக்கிறது. அதைப் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தேய்த்தால் அழியும் ஜெல் பேனை. பைலட் நிறுவனம் 'ஃபிரிக்ஷன்' என்ற பெயரில் 2006இல் ஐரோப்பாவிலும் 2007இல் யப்பானிலும் வெளியிட்டது. இப்போது பல பெயர்களில் பல நாடுகளில் இருந்து வருகிறது. அதன் நுனியிலுள்ள இறப்பர் எழுத்தைச் சுரண்டி எடுப்பதில்லை. தேய்க்கும் சூட்டில் மை நிறம் இழக்கிறது. ஏறக்குறைய 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். பூச்சியத்துக்குக் கீழே 10, 20 பாகை வரை குளிரவைத்தால் திரும்பத் தெரியும். அற்புதமான கண்டுபிடிப்பு, நகல் எழுதவும் படம் வரையவும் நல்லது. சான்றிதழ்களுக்கும் ஆவணங்களுக்கும் பாவிக்க வேண்டாம் என்று செய்த நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். நமது ஊரில் நடுப்பகல் வெயிலில் நிறுத்திய வாகனத்தின் முன் கண்ணாடிக்குக் கீழே 60 பாகை என்பது பெரிய சூடல்ல. சான்றிதழில் பிள்ளையின் பெயரை எழுதிவிட்டு லமினேட் செய்யக் கொடுத்தால் அந்த இயந்திரத்தின் சூடு நூறு பாகைக்கு மேல். சான்றிதழ் வெளியே வரும்போது பெயர் இருந்த இடம் வெறுமையாக இருக்கும். யாரும் களவு செய்யத் தேவையில்லை. களவு செய்ய நினைப்பவருக்கோ ஒரு இஸ்திரிப் பெட்டி போதும்.

2004 டிசம்பர் 26ஐ நம்மில் யாரும் மறக்கவில்லை. கிண்ணியா, காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, அம்பாந்தோட்டை என்று கரையோர ஊர்களில் உயிர்களோடும் வீடுகளோடும் அலுமாரிக்குள் இருந்த கடதாசிகளும் போயின. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, நிக்காஹ் பதிவு, பாடசாலை விடுகைப் பத்திரம். முழுதாகப் போனது ஒரு பக்கம். நனைந்து காய்ந்து மிஞ்சிய தாளில் எழுத்து வாசிக்கக் கூடியதாக இருக்குமா இல்லையா என்பதை, அதை எழுதிய பேனைக்குள் இருந்த மைதான் தீர்மானிக்கும். எழுதியவர் அன்று அதை நினைத்திருக்கமாட்டார். கைக்கு எட்டிய பேனையை எடுத்திருப்பார். இன்றும் நாம் அப்படித்தான் செய்கிறோம்.

கணினியில் எல்லாம் இருக்கிறதே என்று சொல்லலாம். ஆனால் பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகம் இன்னும் கையால்தான் எழுதப்படுகிறது. மாணவர் சேர்வு இடாப்பும் அப்படித்தான். பள்ளிவாசல் நிர்வாகத்தின் கூட்டக் குறிப்பும் வக்ப் காணிகளின் விபரமும், மையித்து அடக்கிய திகதிகளும், நிக்காஹ் பதிவேட்டில் வலியுடைய கையொப்பமும் பேனையால்தான். நாற்பது வருடத்துக்குப் பிறகு ஒரு பேரப்பிள்ளை காணி வழக்குக்காகவோ வாரிசுரிமைக்காகவோ அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது அங்கே எழுத்து இருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. வீட்டிலேயே செய்யக்கூடிய நான்கு சோதனைகள் இருக்கின்றன. உயர்தர மாணவர்களுக்கு இதை ஒரு செயற்றிட்டமாகவும் கொடுக்கலாம்.

ஊரில் கிடைக்கும் ஐந்தாறு பேனைகளால் ஒரே தாளில் ஒவ்வொரு வரி எழுதி, எந்த வரி எந்தப் பேனை என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு தாளை நான்கு கீற்றாக வெட்டுங்கள். ஒரு கீற்றைத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் போடுங்கள். இரண்டாவதை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மெதுவாக ஒற்றுங்கள். மூன்றாவதன் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வையுங்கள். நான்காவதில் பாதியைக் கடதாசி மட்டையால் மூடி, வெயில் படும் யன்னலில் மூன்று நான்கு கிழமை ஒட்டி வையுங்கள். ஸ்பிரிட்டையும் இஸ்திரியையும் பெரியவர் கையாளட்டும். நான்கிலும் நின்ற பேனை எதுவோ அது பதிவேட்டுக்குரியது. மற்றவை கொப்பிக்குப் போதும். அநேகமாக நிறத்துகள் உள்ள கறுப்பு மைதான் வெல்லும். காரணம், அதற்குள் இருப்பது பழைய கரியேதான்.

பிள்ளைக்கு எந்தப் பேனை என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அன்றாடக் கொப்பிக்கும் வீட்டு வேலைக்கும் குமிழ்முனைப் பேனை, மலிவு, நிறைய எழுதும். மூன்று மணித்தியாலம் எழுதும் பரீட்சைக்குக் கை நோகாத 0.5 ஜெல் பேனை, ஆனால் இரண்டு கொண்டுபோக வேண்டும். படம், வரைபடம், கணிதம், அறபுக்கு 0.38 அல்லது அதைவிட மெல்லியது, பத்திரமாக வைக்கத் தெரிந்த பிள்ளையாக இருந்தால். தேய்த்தால் அழியும் பேனையைப் பரீட்சை மண்டபத்துக்கு அனுப்பவே வேண்டாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் அதிபர்மாரிடமும் பதிவாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மேசையில் பதிவேட்டுக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் பேனை எது என்று நாளைக்கு ஒரு தடவை பாருங்கள். நான்கு சோதனையிலும் தேறிய ஒரு கறுப்புப் பேனையை வாங்கி, அதன் மேல் 'பதிவேட்டுக்கு மட்டும்' என்று ஒட்டி லாச்சிக்குள் வையுங்கள். சோதனை செய்து பார்த்தவர்கள் முடிவை இங்கே கீழே எழுதுங்கள், ஊரில் கிடைக்கும் பேனைகளில் எவை தேறின என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.